வேடப் பல் செய்யும் முறை: பிடிப்பும் வேண்டும், பேச்சும் வேண்டும்

மாசி அமாவாசையை ஒட்டி வடசென்னையின் அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கும்போது காளி வேடமிட்டு வருபவர்களின் வாயைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். முகப்பூச்சு, கிரீடம், கைகள், எலுமிச்சை மாலை என்று எல்லாவற்றுக்கும் வாரக்கணக்கில் உழைத்திருப்பார்கள். கோரைப்பல் மட்டும் தகரத்தில் வெட்டியதாகவோ தெர்மாகோலில் செதுக்கியதாகவோ இருக்கும். அதை உதட்டுக்குள் செருகி, விழாமல் இருக்க வாயை இறுக்கிக்கொண்டே தெருத்தெருவாக நடப்பார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சிறிய பல் லேபில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செட் பல்லும் கேப்பும் செய்துவருகிற நான், இப்படி வேடமிட்ட உறவினர் ஒருவருக்காகத்தான் முதன்முதலில் வேடப் பல் செய்தேன். அதன் பிறகு கூத்து ஆடுபவர்கள், கோயில் திருவிழாவில் யமனாகவும் நரசிம்மராகவும் வருபவர்கள், கல்லூரி நாடகக்காரர்கள் என்று பலர் கேட்டு வந்தார்கள். இந்த வேலையைச் செய்ய விரும்பும் இளம் டெக்னீஷியன்களுக்காகவும், தாங்கள் வாயில் வைக்கப்போவது எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் கலைஞர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இது ஒட்டும் பல் இல்லை. பசை எதுவும் தேவைப்படாது. வேடம் போடுபவரின் சொந்தப் பற்களின் மேல் உறைபோல ஏறி, "டக்" என்று உட்கார்ந்து, விரலால் இழுத்தால் கழன்று வரும். ஒவ்வொரு பல்லும் ஈறிலிருந்து கிளம்பும் இடத்தில் சற்றுக் குறுகலாகவும், நடுவில் புடைத்தும் இருக்கும். அந்தப் புடைப்புக்கும் ஈறுக்கும் இடையே உள்ள குறுகலான பகுதியைத்தான் லேபில் அண்டர்கட் என்கிறோம். உறையின் ஓரம் புடைப்பைத் தாண்டி அந்தக் குறுகலுக்குள் ஒரு மயிரிழை அளவு நுழைந்தால், அதுதான் பிடிப்பு. இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், ஒருவருக்குச் செய்ததை இன்னொருவர் வாங்கிப் போட முடியாது.

அளவு எடுப்பதற்கு முன்

வாயில் அளவு எடுப்பது, அதாவது பற்களின் அச்சைப் பதிந்து எடுப்பது, பல் மருத்துவரின் வேலை. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பல் மருத்துவரையும் பல் மெக்கானிக்கையும் தனித்தனியாக வரையறுத்தது. நாம் அந்த அளவில் வார்த்தெடுத்த மாடலில் வேலை செய்பவர்கள். வேடப் பல்தானே என்று நாமே அளவு எடுக்கும் ட்ரேயை எடுத்து வாயில் வைத்துவிடக் கூடாது என்பதற்குச் சட்டத்தை விடவும் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆடும் பல், ஈறு நோய், உடையும் நிலையில் உள்ள அடைப்பு, தளர்ந்த கேப் அல்லது பிரிட்ஜ் ஆகியவற்றை மருத்துவரின் கண்தான் கண்டுபிடிக்கும். அப்படிப்பட்ட பல்லின் மேல் பிடிப்புள்ள உறையைப் போட்டுக் கழற்றினால், உறையோடு பல்லும் வரலாம். மருத்துவச் செலவுக்குத் தயங்குபவர்களைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய் முதலில் வாயைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பவர்களுக்குச் செய்வதில்லை. பள்ளி மாறுவேடப் போட்டிக்காகக் குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோரையும் மறுத்து அனுப்பிவிடுவேன். ஏறத்தாழ 6 வயதிலிருந்து 12 வயது வரை பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். இந்த மாதம் எடுத்த அளவு அடுத்த மாதம் பொருந்தாது, ஆடும் பால்பல் உறையோடு கழன்று தொண்டைக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது.

மேல், கீழ் இரண்டு தாடைக்கும் அளவு வேண்டும். கூடவே கடித்த நிலையில் ஒரு மெழுகுப் பதிவும் வேண்டும். மேல் தாடைக்கு மட்டும்தானே பல் செய்கிறோம் என்று கீழ் அளவை விட்டுவிட்டால், நீண்ட கோரைப்பல்லின் நுனி கீழ் ஈறில் எங்கே போய்க் குத்தும் என்று தெரியாமலேயே வேலை செய்ய வேண்டியிருக்கும்.

தண்ணீரும் ஸ்டோனும்

ஆல்ஜினேட் என்கிற, தண்ணீரில் கலந்தால் இறுகும் பவுடரில் எடுத்த அளவு வந்தவுடன் கழுவி, கிருமிநாசினி தெளித்து, ஈரத் துணியில் சுற்றி வைத்து, கூடிய விரைவில், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஸ்டோன் (மாடல் வார்க்கும் கெட்டியான ஜிப்சம் கலவை) ஊற்றிவிட வேண்டும். காற்றில் வைத்தால் நீரை இழந்து சுருங்கும். தண்ணீரில் போட்டு வைத்தால் உறிஞ்சி உப்பும். இரண்டிலும் மாடல் பொய்யாகிவிடும். செட் பல்லில் இந்தச் சிறு பிழையை ஈறின் மென்மை தாங்கிக்கொள்ளும். நாம் செய்வது பல்லின் மேல் பல். கல்லின் மேல் கல் உட்காருவது போன்றது. அங்கே கால் மில்லிமீட்டர் பிழையும் தெரியும்.

வடசென்னையில் வேலை செய்பவர்கள் தண்ணீரைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டும். நம் பகுதியில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடி நீருக்குள் ஏறியிருப்பது 1960களின் இறுதியிலிருந்தே அறியப்பட்ட செய்தி. கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் ஆல்ஜினேட்டைச் சீக்கிரம் இறுகச் செய்யும். சமையல் உப்பு சிறிதளவு கலந்திருந்தாலும் ஸ்டோன் வேகமாக இறுகும். "பவுடர் பழசாகிவிட்டது" என்று நாம் திட்டுகிற பல சமயங்களில் குற்றம் தண்ணீரில் இருக்கும். குடிநீர் கேன் தண்ணீரையே இரண்டுக்கும் பயன்படுத்துங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் அதைக் குளிர வைத்துக் கலந்தால் ஆல்ஜினேட்டைக் கையாளச் சற்றுக் கூடுதல் நேரம் கிடைக்கும். அதேபோல, ராயபுரம், காசிமேடு போலக் கடற்காற்று நேராக வீசும் இடங்களில் ஸ்டோன் பையைத் திறந்தபடி வைக்கக் கூடாது. ஈரம் குடித்த ஸ்டோன் சொன்ன நேரத்தில் இறுகாது, இறுகினாலும் வலுவாக இருக்காது.

100 கிராம் டென்டல் ஸ்டோனுக்கு 30 மி.லி. தண்ணீர் என்பது சரியான அளவு. கண்மதிப்பில் ஊற்றாதீர்கள், அளவுக் குவளையும் சிறு தராசும் வைத்துக்கொள்ளுங்கள். வைப்ரேட்டரில் வைத்து, ஒரு மூலையிலிருந்து மெதுவாக வழிய விட்டால் பல் நுனிகளில் குமிழி தங்காது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துப் பிரிக்கலாம். பிரித்த மாடலில் பற்களின் மேல் ஸ்டோன் மணிகள் ஒட்டியிருந்தால் கூர்மையான கத்தியால் எடுத்துவிடுங்கள். பல்லில் குழி விழுந்திருந்தால் மட்டும் அந்த மாடலை வைத்துக்கொண்டு சமாளிக்க முயலாமல் மருத்துவரிடம் மறு அளவு கேளுங்கள்.

அண்டர்கட்டை அடைப்பது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நான் முதலில் செய்த பல் வாயில் மாட்டிக்கொண்டது. மாடலில் அழகாக ஏறி இறங்கியது என்று நம்பி, பற்களுக்கு இடையே உள்ள இடுக்குகளை அடைக்காமல் கெட்டியான அக்ரிலிக்கில் செய்து கொடுத்துவிட்டேன். மாடலில் ஏறி இறங்கியதன் காரணம், நான் பல முறை போட்டு எடுத்ததில் ஸ்டோன் தேய்ந்துபோயிருந்ததுதான். மனிதப் பல் அப்படித் தேயாது. அந்தக் கலைஞர் ஒன்றரை மணி நேரம் கழற்ற முடியாமல் தவித்து, கடைசியில் மருத்துவர் அதை வாயிலேயே துண்டாக வெட்டி எடுத்தார். தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து ஒரு மாடல் போதாது என்று, ஒரே அளவுக்கு இரண்டு மாடல் வைத்துக்கொள்கிறேன்: ஒன்று வேலைக்கு, இன்னொன்று யார் கையும் படாமல், கடைசியில் பொருத்திப் பார்ப்பதற்கு மட்டும்.

சர்வேயர் என்கிற, பல்லின் புடைப்பைக் குறிக்கும் கருவியில் மாடலை வைத்து, கிராஃபைட் முனையால் ஒவ்வொரு பல்லின் புடைப்புக் கோட்டையும் வரையுங்கள். வேடப் பல் நேர் கீழிருந்து மேலே ஏறுவதைவிட, முன்புறத்திலிருந்து சற்றுச் சாய்வாக ஏறுவது வசதி என்பதால், மாடலையும் அதற்கேற்பச் சற்றுச் சாய்த்து வையுங்கள். கோட்டுக்கு மேல், ஈறை நோக்கிய பக்கம் இருப்பதெல்லாம் அண்டர்கட். அதில் உதட்டுப் பக்கத்தில் 0.25 மி.மீ. ஆழம் வரை மட்டும் திறந்து விட்டு, மீதியை அடைத்துவிட வேண்டும். பற்களுக்கு இடையே உள்ள முக்கோண இடுக்குகளை முழுவதுமாக அடையுங்கள். உள்ளே பாய்ந்து பூட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். பிடிப்புக்குக் கோரைப்பல்லும் அதற்கு அடுத்த முன்கடைவாய்ப்பல்லும் போதும். நடுவில் உள்ள நான்கு வெட்டுப்பற்களில் பிடிப்பைத் தேடவே வேண்டாம். அவை ஒற்றை வேர் உள்ள மெல்லிய பற்கள், அவற்றின் மேல் உறை வெறுமனே படர்ந்திருக்கட்டும். ஆகவே உறை, வலப்பக்க முதல் முன்கடைவாய்ப்பல்லிலிருந்து இடப்பக்க முதல் முன்கடைவாய்ப்பல் வரை எட்டுப் பற்களைத் தழுவியதாக இருக்க வேண்டும். ஆறு பற்களோடு நிறுத்தினால் கோரைப்பல்லின் நீளமே நெம்புகோலாகி உறையைத் தூக்கிவிடும்.

அடைப்பதற்குப் பலரும் மெழுகைப் பயன்படுத்துவார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். உறைக்கான பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி மேலே இழுக்கும்போது மெழுகு இளகி ஓடிவிடுகிறது என்பதைக் கண்ட பிறகு, பிளாஸ்டரை நீர்க்கக் கலந்து தூரிகையால் பூசி, காய்ந்ததும் செதுக்கிக்கொள்கிறேன். நேரம் கூடுதலாகும், ஆனால் அடைத்த இடம் அடைத்தபடியே நிற்கும்.

உறையும் வடிவமும்

அடித்தளத்துக்கு 1 மி.மீ. கனமுள்ள பி.இ.டி.ஜி. என்கிற பிளாஸ்டிக் தகட்டை, சூடாக்கி மாடலின் மேல் உறிஞ்சிப் படியவைக்கும் வேக்வம் மெஷினில் இழுத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த முறை. முழுக்க அக்ரிலிக்கில் செய்தால் உறை வளைந்து கொடுக்காது. ஏறும்போது இம்மியளவு விரிந்து, பிறகு சுருங்கி உட்காருவதற்குத் தேவையான நெகிழ்ச்சி தகட்டில் இருக்கிறது. தகடு வாங்கும்போது எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்டு வாங்குங்கள். பாலிப்ரொப்பிலீன் தகடும் பார்ப்பதற்கு ஏறத்தாழ இதே போல இருக்கும், ஆனால் அதன் மேல் அக்ரிலிக் ஒட்டவே ஒட்டாது. நிகழ்ச்சியின் நடுவே கோரைப்பல் மட்டும் தனியே உதிர்ந்து விழுந்தது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். தகடு வரும் பாக்கெட்டைப் பிரித்தால் மீதியை இறுக்க மூடி வையுங்கள். ஈரம் ஏறிய தகடு சூடேறும்போது குமிழி விடும்.

தகடு நடுவில் ஏறத்தாழ 15 மி.மீ. தொய்ந்ததும் மாடலின் மேல் இறக்கி இழுத்து, நன்றாக ஆறிய பிறகு வெட்டுங்கள். உதட்டுப் பக்கத்தில் ஓரம் ஈறின் வளைவை ஒட்டி அலையலையாக வந்து, ஈறைத் தொடாமல் அரை மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிட வேண்டும். நாக்குப் பக்கத்தில் எவ்வளவு விடுவது என்பதைப் பேச்சைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சொல்கிறேன்.

இனி மெழுகில் வடிவம் கொடுக்க வேண்டும். மேல் கோரைப்பல் இயல்பாகவே ஏறத்தாழ 10 மி.மீ. உயரம் இருக்கும். அதன் கீழ் இன்னும் 5 அல்லது 6 மி.மீ. நீட்டினால் யமனுக்குப் போதும். இரவு ஊர்வலத்தில் தூரத்திலிருந்து பார்க்கப்படும் காளிக்கு 10 மி.மீ. வரை நீட்டலாம். அதற்கு மேல் போனால் நெம்புகோல் சக்தி கூடுவதோடு, உதடும் மூடாது. நுனியைக் கீழ்ப்பற்களின் வெளிப்புறத்திலிருந்து 2 மி.மீ. அளவு விலகியிருக்கும்படி வெளியே சாய்த்து, கீழ் மாடலைச் சேர்த்துக் கடித்த நிலையிலும், தாடையை வலம் இடம் நகர்த்திய நிலையிலும் பாருங்கள். நுனி எங்கும் கீழ் ஈறைத் தொடக் கூடாது. நுனியை ஊசியாக விடாமல், அரிசியின் முனை அளவுக்கு உருட்டிவிடுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது கூர்மையாகவே தெரியும், அணிபவரின் உதடு மட்டும் தப்பிக்கும்.

வடிவத்தில் வேடத்துக்கு வேடம் வேறுபாடு காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நரசிம்மருக்குச் சிங்கத்தின் பல்போல் அடிப்பகுதி தடித்து, சற்றே உள்வளைந்து இருக்கலாம். காளிக்கு மெலிந்து, வெளிப்புறம் வளைந்து, பிறைபோல் இருந்தால் அழகு. அரக்கர்களுக்கு இரண்டு கோரைப்பல்லும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பதே இல்லை. ஒன்று சற்று முறிந்தாற்போல இருந்தால் போர் பல கண்டவன் என்று சொல்லாமலே தெரியும். இடையில் உள்ள வெட்டுப்பற்களை அப்படியே விட்டுவிட்டால் கோரைப்பல் மட்டும் ஒட்ட வைத்ததுபோல நிற்கும் என்பதால், அவற்றின் மேலும் அரை மில்லிமீட்டர் பூச்சுக் கொடுத்து, ஓரங்களைச் சற்று ஒழுங்கற்றதாக்கிவிடுவேன்.

மெழுகு வடிவம் திருப்தியானதும் அதன் மேல் சிலிகான் புட்டியை அழுத்தி அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். இறுகியதும் அச்சைக் கழற்றி, மெழுகை முழுக்க நீக்குங்கள். கொதிநீரில் போட்டு உருக்கும் பழக்கம் இங்கே உதவாது, ஏறத்தாழ 80 டிகிரியிலேயே தகடு இளகி உருமாறிவிடும். கத்தியால் சுரண்டி எடுத்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் துலக்கி, தகட்டின் மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள்.

பல் நிற கோல்டு க்யூர் (கலந்ததும் தானே இறுகும்) அக்ரிலிக்கைக் கன அளவில் மூன்று பங்கு பவுடருக்கு ஒரு பங்கு லிக்விட் என்று கலந்து, மாவுப் பதத்துக்கு வருவதற்குச் சற்று முன்னால் அச்சில் நிரப்பி, தகட்டின் மேல் உட்கார வையுங்கள். தகட்டில் லிக்விடை ஒரு முறை தூரிகையால் தொட்டால் போதும். அதிகம் ஊற்றினால் தகடு வெடிப்பு விடும். பிறகு பிரஷர் பாட் என்கிற அழுத்தப் பாத்திரத்தில், 45 டிகிரி வெந்நீரில், 2 பார் அழுத்தத்தில் 15 நிமிடம் வைத்தால் குமிழியில்லாத அடர்த்தியான பல் கிடைக்கும். பிரஷர் பாட் இல்லையென்றால் இருப்பவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். வீட்டுக் குக்கருக்கு வால்வு பொருத்திக் காற்றடிக்கும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள், அது அப்படிப்பட்ட அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தப்பட்ட பாத்திரம் இல்லை.

லிக்விடைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மீத்தைல் மெத்தாக்ரிலேட் என்கிற அந்தத் திரவத்தின் ஆவி நம் ஊர் அறை வெப்பநிலையிலேயே எளிதில் தீப்பற்றக் கூடியது. நம் பகுதி லேப்கள் பலவும் பத்துக்குப் பத்து அறைகள். மெழுகு உருக்கும் கேஸ் அடுப்பும் லிக்விட் பாட்டிலும் ஒரே மேஜையில் இருக்கும். அடுப்பை அணைத்த பிறகே பாட்டிலைத் திறப்பது என்று பழகிக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், இறுகாத மாவை விரலால் தொட்டு உருட்டாதீர்கள். கையுறை போட்டிருக்கிறோம் என்ற தைரியம் வேண்டாம். அந்த லிக்விட் சாதாரண லேடெக்ஸ் கையுறையை ஊடுருவிச் செல்லும். விரல் நுனிகள் வெடித்து, பவுடரைத் தொட்டாலே அரிக்கும் நிலைக்கு வந்துவிட்ட மூத்த டெக்னீஷியன்களை எனக்குத் தெரியும். இறுகாத அக்ரிலிக்கை வாயில் வைத்துப் பொருத்தம் பார்ப்பது அறவே கூடாது: இறுகும்போது சூடாகும், வாய்ப்புண் ஆகும், அண்டர்கட்டில் இறுகிவிட்டால் கழற்றவும் முடியாது.

பேச்சு

பல் பிடித்து நின்றால் வேலை முடிந்தது என்று பல ஆண்டுகள் நானும் நினைத்திருந்தேன். யமன் வேடத்துக்குச் செய்துகொடுத்த ஒருவர் திரும்பி வந்து, "பல்லு நல்லாத்தான் இருக்குண்ணே, ஆனா சாவித்திரி கேக்குற கேள்விக்கு நான் சொல்ற பதில் ஒருத்தருக்கும் புரியலை" என்றார். கூத்தும் நாடகமும் வாயால் நடப்பவை. வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை அரங்கில் நாடகம் பார்த்த பெரியவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிய நடிகர்களைப் பற்றித்தான் அவர்கள் ஓயாமல் பேசுவார்கள், உடையைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. பாட்டைக் கெடுக்கும் பல், எவ்வளவு அழகாக இருந்தாலும், கழற்றி வைக்கப்பட்டுவிடும்.

தமிழ் எழுத்துகள் பிறக்கும் இடத்தை நினைத்துப் பார்த்தால் எங்கே இழைக்க வேண்டும் என்பது தானே விளங்கும். த, ந இரண்டுக்கும் நாக்கின் நுனி மேல் முன்பற்களின் பின்புறத்தைத் தொட வேண்டும். அங்கே தகடு தடித்திருந்தால் இரண்டும் மழுங்கும். ற, ன ஆகியவற்றுக்கு நாக்கு சற்றுப் பின்னே, பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறு மேட்டைத் தொடும். தகடு அதுவரை ஏறக் கூடாது. ட, ண, ள, ழ எல்லாம் அண்ணத்தில் இன்னும் பின்னே பிறப்பவை, நம் உறை அவற்றைப் பெரும்பாலும் தீண்டாது. வ என்பதற்குக் கீழ் உதடு மேல்பற்களின் விளிம்பை நெருங்க வேண்டும். வெட்டுப்பற்களை நீட்டிவிட்டால் உதடு இடித்து, "வா" என்பது "பா"வாகக் கேட்கும். ப, ம இரண்டுக்கும் உதடுகள் முழுக்க மூட வேண்டும், கோரைப்பல் தடித்திருந்தால் மூடாது.

ஆகவே நாக்குப் பக்கத்தில் தகட்டை விளிம்பிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் மட்டும் மடிந்திருக்க விட்டு, மீதியை வெட்டி, மடிந்த பகுதியையும் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்துவிடுகிறேன். அந்தச் சிறு மடிப்பையும் எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுத்துவிட்டால் உறை முன்னால் நழுவும், பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும் கை அதுதான். முன்கடைவாய்ப்பற்களில் நாக்குப் பக்கம் தாராளமாக விடலாம், அங்கே பேச்சுக்கு இடையூறு குறைவு. கடித்த இடத்தில் நிறம் ஒட்டும் தாளை வைத்துப் பார்த்து, கீழ்ப்பல் இடிக்கும் புள்ளிகளை இழைத்து எடுங்கள். பின்பற்கள் இருபுறமும் எப்போதும்போல் சேர்ந்து கடிக்க வேண்டும்.

பேச்சைச் சோதிக்க நான் வைத்திருக்கும் முதல் சொல், கூத்து மேடையில் ஏறியதும் சபைக்குச் சொல்லும் "வந்தனம்". ஒரே சொல்லில் வ, ந, த, ன, ம ஐந்தும் வந்துவிடுகின்றன. எந்த எழுத்து மழுங்குகிறதோ அந்த இடத்தில் இழைத்தால் போதும். பிறகு ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த அந்தப் பழைய நாப்பழக்கத் தொடரை மூன்று முறை சொல்லச் சொல்வேன். கடைசியாக, அவர் மேடையில் பாடப்போகும் பாட்டை, பாடும் சுருதியிலேயே, லேபில் நின்று பாடச் சொல்வேன். மெதுவாகப் பேசும்போது அசையாத பல், வாயை முழுக்கத் திறந்து உச்சத்தில் பாடும்போது மேல் உதடு இழுத்துக் கழன்றுவிடுவதுண்டு. அப்படியானால் ஈறுப் பக்க ஓரம் உதட்டு மடிப்பு வரை நீண்டிருக்கிறது என்று பொருள். அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

நிறமும் பாலிஷும்

விளக்கு எது என்று கேட்டுவிட்டு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் மிக வெளுத்த பல் சுண்ணாம்புக் கட்டிபோலத் தெரியும். பல் நிற அட்டையின் ஏ3 அல்லது அதைவிட அடர்ந்த மஞ்சள் சாயல் நன்றாக உட்காரும். தீப்பந்தமும் பெட்ரோமாக்ஸும் கலந்த மஞ்சள் வெளிச்சத்துக்கு ஏ1 போன்ற வெளிர் நிறமே தூரத்துக்குத் தெரியும். பல்லின் அடியில் அக்ரிலிக் ஸ்டெயின் கொண்டு பழுப்பை லேசாகப் படர விட்டு, நுனியை வெளிறியதாக விட்டால் பல்லுக்கு வயது கூடும். ரத்தக் கறை வேண்டும் என்று கேட்டால், அதையும் அக்ரிலிக்குக்குள்ளேயே நிறமாகச் சேர்த்துவிடுங்கள். எனாமல் பெயின்டோ, நெயில் பாலிஷோ, சிவப்புச் சிந்தூரமோ பல்லில் பூசக் கூடாது. சிந்தூர வகைகள் சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும். அது எச்சிலோடு நேராக வயிற்றுக்குள் போகும்.

பாலிஷ் வழக்கம்போலத்தான்: உப்புத்தாள், பியூமிஸ் பொடி, பஃப் சக்கரம். வெளிப்புறத்துக்கு மட்டும் செய்யுங்கள். உட்புறத்தைப் பாலிஷ் செய்தால் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த பிடிப்பு தேய்ந்துவிடும். ஓரங்களை விரல் நுனியால் தடவிப் பார்ப்பதைவிட உங்கள் உள் உதட்டில் படும்படி வைத்துப் பார்ப்பது நல்லது என்று சிலர் சொல்வார்கள். அடுத்தவர் வாய்க்குப் போகும் பொருளை நம் வாயில் வைக்க வேண்டாம், மெல்லிய நைலான் துணியில் இழுத்துப் பாருங்கள், எங்கே நூல் சிக்குகிறதோ அங்கே கூர் இருக்கிறது. கோல்டு க்யூர் அக்ரிலிக்கில் இறுகாத லிக்விட் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்பதால், கொடுப்பதற்கு முன்பு ஒரு முழு நாள் சுத்தமான தண்ணீரில் ஊற வையுங்கள். "நாளைக்கே வேண்டும்" என்று கேட்பவர்களுக்கும் இந்த ஒரு நாளைக் குறைத்துக் கொடுக்கக் கூடாது.

வாயை ஸ்கேன் செய்து, கணினியில் வடிவமைத்து, 3டி பிரின்டரில் எடுக்கும் லேப்களும் இப்போது உண்டு. அளவின் துல்லியத்துக்கு அது நல்ல வழி. வாயில் வைக்கத் தகுந்த ரெசினைத் தேர்ந்தெடுப்பதும், அதை நன்றாகக் கழுவி முழுக்க க்யூர் செய்வதும் அங்கே முக்கியம். அண்டர்கட்டும் பேச்சும் அங்கேயும் இதே கணக்குத்தான்.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை

இரண்டு முன்கடைவாய்ப்பற்களின் மேலும் ஒரே நேரத்தில் கட்டைவிரலால் அழுத்தி ஏற்ற வேண்டும். கழற்றும்போதும் இருபுறமும் சமமாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் நடுவில் முறியும். கோரைப்பல்லைப் பிடித்து இழுக்கவே கூடாது. முகப்பூச்சு போட்டு முடித்த பிறகு, மேடை ஏறுவதற்குச் சற்று முன்பு மாட்டிக்கொள்வது நல்லது. முதல் நாளே இரவு முழுதும் போடாமல், ஒரு வாரம் முன்பிருந்து தினமும் அரை மணி நேரம் போட்டு வசனம் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். முதலில் எச்சில் அதிகம் ஊறும், இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும்.

பல்லை மாட்டிக்கொண்டு எதையும் தின்னக் கூடாது, உறங்கக் கூடாது. அருள் வந்து எலுமிச்சம்பழத்தைக் கடித்துப் பிளக்கும் வழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடன் துணைக்கு வரும் ஒருவரை லேபுக்கே அழைத்து, எப்படிக் கழற்றுவது என்று கற்றுக்கொடுத்து அனுப்புகிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் வேடமிட்டவருக்குப் பல்லின் நினைவு இருக்காது. நாக்கில் கற்பூரம் ஏற்றுபவர்களும் வாயருகே தீப்பந்தம் பிடிப்பவர்களும் இந்தப் பல்லைப் போடவே கூடாது: அக்ரிலிக் எரியக் கூடிய பொருள், தகடு அதற்கு முன்பே இளகி ஈறில் ஒட்டிக்கொள்ளும். காளிக்குத் தொங்கும் செந்நாக்கை இந்த உறையில் கட்டித் தரச் சொல்லிக் கேட்பார்கள். அதன் எடை பிடிப்பைத் தளர்த்திவிடும் என்பதால் நான் செய்வதில்லை, அதைக் கிரீடத்தின் கன்னப்பட்டியிலிருந்து தனியே தொங்கவிடலாம்.

கழற்றியதும் குளிர்ந்த நீரில், மென்மையான பிரஷ்ஷும் சோப்பும் கொண்டு கழுவி, ஈரம் துடைத்து, காற்றோட்டமுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, ஆடி மாத வெயிலில் நிற்கும் வேனின் முன்கண்ணாடி ஓரத்தில் வைப்பதும் கூடாது. குழுவில் நான்கைந்து பேருக்குச் செய்தால், உட்புறத்தில் ஒவ்வொருவரின் பெயரின் முதல் எழுத்தை அக்ரிலிக்குக்கு அடியில் சிறு தாளில் எழுதிப் பதித்துவிடுங்கள். இருட்டில், அவசரத்தில், ஒருவர் பல்லை இன்னொருவர் எடுத்து மாட்டிக்கொள்வது நடக்கிற காரியம்.

தொடாமல் வைத்த இரண்டாவது மாடலைத் தேதி எழுதி அலமாரியில் வைத்திருங்கள். அடுத்த மாசிக்கு அவர் திரும்பி வரும்போது பழைய பல் இறுகுகிறது என்றால், இடையில் அடைத்த பல்லோ, புதிதாகப் போட்ட கேப்போ, பிடுங்கிய பல்லின் இடத்துக்குச் சாய்ந்த பக்கத்துப் பல்லோ இருக்கும். உட்புறத்தைச் சுரண்டித் தளர்த்தித் தர வேண்டாம். மருத்துவரிடம் அனுப்பிப் புதிய அளவு எடுத்து வரச் சொல்லி, இரண்டு மாடல்களையும் பக்கத்தில் வைத்து எது மாறியிருக்கிறது என்று பார்த்த பிறகு, மெழுகிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பழைய சிலிகான் அச்சு கையில் இருந்தால் அந்தக் கோரைப்பல்லின் வளைவு அப்படியே கிடைத்துவிடும்.